மாதவிடாய் ஒன்றரை நாளில் நின்றுவிடுகிறதா? கணக்குப் பார்ப்பது முதல் டாக்டரிடம் போவது வரை

நம் வீடுகளில் "மூணு நாள்" என்றாலே மாதவிடாய் என்று அர்த்தம். மூன்று நாள் ஒதுங்கி இருந்துவிட்டு நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் பழக்கத்திலிருந்து வந்த கணக்கு அது. ஒதுங்கி உட்காருவது பல வீடுகளில் நின்றுவிட்டது. கணக்கு மட்டும் நிற்கவில்லை. ஒன்றரை நாளிலேயே முடிந்துவிடுகிற பெண், தன் உடம்பில் என்னவோ குறை என்று நினைத்துக்கொள்கிறாள். ஐந்து நாள் வந்துகொண்டிருந்து திடீரென்று ஒரே நாளாகச் சுருங்கிப்போன பெண்ணோ, தொல்லை விட்டது என்று சந்தோஷப்படுகிறாள். முதல் பெண்ணின் பயத்துக்குப் பெரும்பாலும் காரணமே இருக்காது. இரண்டாவது பெண்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நான் இரண்டாவது வகை. எனக்கு 29 வயதில் மூன்றாம் மாதக் கரு கலைந்தது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். அதுவரை ஐந்து நாள் வந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு ஒரு நாள்தான். அதுவும் நாப்கினில் நாலைந்து சொட்டு. வயிற்று வலி மட்டும் முன்னைவிட அதிகம். எட்டு மாதம் அப்படியே விட்டுவிட்டேன். முதலில் பார்த்த இடத்தில் ரத்தம் கம்மி என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் பார்த்த டாக்டர், "முன்னாடி எப்படி இருந்தது, எப்போதிலிருந்து மாறியது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் காரணம் பிடிபட்டது. அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அக்காவுக்கு எத்தனை நாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் இதில் உதவாது. உங்களுக்கு முன்பு எப்படி, இப்போது எப்படி என்பதை மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கார்டு டெஸ்ட்

கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். "இந்த மாதம் வந்துவிட்டதே, கொஞ்சமாகத்தானே பட்டது" என்று விட்டுவிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கரு வந்து கர்ப்பப்பைச் சுவரில் பதியும் சமயத்தில் சிலருக்கு லேசாக ரத்தம் படும். கரு உருவாகி 10 முதல் 14 நாளில் அது நடக்கும் என்பதால், வழக்கமாக மாதவிடாய் வரும் தேதியை ஒட்டியே வந்து நிற்கும். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஓரிரு நாள் பொட்டுப் பொட்டாகப் பட்டு, பெருகாமல் நின்றுபோகும். பார்த்தால் குறைவான மாதவிடாய் போலவே இருக்கும்.

டெஸ்ட் கார்டு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் 'நிச்சய்' என்ற பெயரில் இலவசமாகவும் கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. மாதவிடாய் வர வேண்டிய தேதிக்கு முன்பே பார்த்தால் கர்ப்பம் இருந்தும் ஒரே கோடு காட்டலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான். டாக்டரிடம் போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் தள்ளிப்போடக் கூடாத ஒன்று இருக்கிறது. நாள் தள்ளிப்போய், லேசாக ரத்தம் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்தால், கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் வளர்ந்துகொண்டிருக்கலாம். குழாய் வெடித்தால் வெளியே தெரிகிற ரத்தம் கொஞ்சமாகத்தான் இருக்கும், வயிற்றுக்குள் நிறையக் கசியும். மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவது, தோள்பட்டை முனையில் வலி ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டில் படுத்துப் பார்க்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். இலங்கையில் 1990.

எதை ஒரு நாள் என்று எண்ணுவது

சரி, கர்ப்பம் இல்லை என்று தெரிந்துவிட்டது. இனிமேல் கணக்கு.

நாப்கினோ துணியோ வைத்தே ஆக வேண்டும் என்கிற அளவுக்கு ரத்தம் வருகிற நாள்தான் முதல் நாள். அதற்கு முந்தைய நாள் துடைக்கும்போது மட்டும் தெரிகிற பழுப்புத் தீற்றலைச் சேர்க்க வேண்டாம், அதைத் தனியாகக் குறித்தால் போதும். கடைசியில் வரும் தீற்றலுக்கும் இதே கணக்கு. 'சுழற்சி எத்தனை நாள்' என்று டாக்டர் கேட்டால், இந்த முதல் நாளிலிருந்து அடுத்த மாதத்து முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை எண்ணிச் சொல்ல வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணி, "எனக்கு 24 நாளிலேயே வந்துவிடுகிறது" என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உண்மையில் 28 நாள் சுழற்சியாக இருக்கும்.

பெண்நோய் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட வரையறையின்படி, 24 முதல் 38 நாளுக்கு ஒருமுறை வருவது இயல்பு, 8 நாள் வரை நீடிப்பதும் இயல்பு. குறைந்தது இத்தனை நாளாவது வர வேண்டும் என்று அதில் ஒரு கோடு போடவில்லை. பொதுவாக இரண்டு நாளுக்குள் முடிந்தால் 'குறுகிய மாதவிடாய்' என்று சொல்வார்கள். வயதுக்கு வந்ததிலிருந்தே உங்களுக்கு இரண்டு நாள்தான், மாதா மாதம் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வருகிறது, வேறு தொந்தரவும் இல்லை என்றால் அது உங்கள் உடம்பின் வழக்கம். அதற்கு மருந்து தேவையில்லை.

அளவை எப்படித் தெரிந்துகொள்வது

ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லி. காய்ச்சல் சிரப்போடு வரும் சின்ன மூடியில் மூன்று நாலு முறை ஊற்றினால் வருகிற அளவு, அவ்வளவுதான். ஐந்து நாளில் மொத்தமாக இவ்வளவுதான் போகிறது என்று கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். வெளியே வருவது முழுக்க ரத்தம் இல்லை. ஏறக்குறைய பாதிதான் ரத்தம்; மீதி கர்ப்பப்பையின் உட்சவ்வு, சளி போன்ற நீர். அதனால் பார்க்க அதிகமாகத் தெரியும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். எல்லா நாளும் சேர்த்தே 5 மில்லிக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருந்தால் நிஜமாகவே குறைவு.

நாப்கினில் அளப்பது ஒரு குத்துமதிப்புதான். சாதாரண அளவு நாப்கின் நன்றாக நனைந்தால் ஏறக்குறைய 5 மில்லி, இரவில் வைக்கும் பெரிய நாப்கின் என்றால் 10 முதல் 15 மில்லி. பாதி நனைந்தால் பாதி என்று போட்டுக்கொள்ளுங்கள். 'ஒரு நாளைக்கு இரண்டு நாப்கின்' என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. சுத்தத்துக்காக மாற்றினீர்களா, நனைந்ததால் மாற்றினீர்களா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மென்ஸ்ட்ருவல் கப் வைப்பவர்களுக்கு இந்த வேலை சுலபம். பல கப்களில் அளவுக்கோடே போட்டிருக்கும், கொட்டுவதற்கு முன் பார்த்துக்கொண்டால் போதும். துணி வைக்கிறவர்கள் நனைந்த இடத்தை உள்ளங்கையோடு ஒப்பிட்டு, காசு அளவு, பாதிக் கை, முழுக் கை என்று எழுதிவையுங்கள். மாதா மாதம் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டால் மாற்றம் தெரிந்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுப்பும் கறுப்பும் மெதுவாக வெளியேறுகிற பழைய ரத்தம். போக்கு குறைவாக இருக்கும்போது ரத்தம் உள்ளே கொஞ்ச நேரம் தங்கி, காற்றுப்பட்டு, கறுத்துத்தான் வரும். 'கெட்ட ரத்தம்' என்று ஒன்று கிடையாது. "சரியாப் போகலைன்னா உள்ளேயே தங்கி உடம்பைக் கெடுக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் கர்ப்பப்பையில் அந்த மாதம் எவ்வளவு சவ்வு வளர்ந்ததோ அவ்வளவுதான் உதிரும். மெல்லியதாக வளர்ந்திருந்தால் கொஞ்சமாக உதிரும். வெளியே வரும் வழி அடைத்திருந்தால் மட்டும்தான் உள்ளே தங்கும். அப்படி இருந்தால் மாதா மாதம் வலி சொல்லிவிடும்.

மூன்று மாதம் எழுதுங்கள்

தினசரி காலண்டரில் குறிக்காதீர்கள், மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவோம். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் நல்லது. மற்றவர்கள் பார்ப்பது கூச்சமாக இருந்தால் ஒரு புள்ளி வைத்தால் போதும், யாருக்கும் புரியாது. போனில் செயலி வைத்துக்கொள்வதும் சரிதான். ஆனால் 'கருமுட்டை வெளியாகும் நாள்' என்று அது காட்டுவது வெறும் தேதிக் கணக்கு. அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முதல் நாள், கடைசி நாள், அன்றன்றைய அளவு, வலி, நடுவில் பட்டிருந்தால் அந்தத் தேதி ஆகியவற்றைக் குறியுங்கள். கூடவே அந்த மாதம் நடந்ததையும் எழுதுங்கள். காய்ச்சல், பரீட்சை, வீட்டில் சாவு, புதுசாகத் தொடங்கிய மாத்திரை, விரதம், ஊர் மாற்றம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு மாதம் மட்டும் குறைந்து அடுத்த மாதம் பழையபடி வந்தால் கவலை வேண்டாம், எல்லாருக்கும் அப்படி ஒரு மாதம் வரும். மூன்று மாதம் தொடர்ந்து பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் கீழே உள்ள காரணங்களில் உங்களுக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

என்ன மாத்திரை போடுகிறீர்கள்?

கருத்தடை மாத்திரை போடுகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும். அரசு தரும் 'மாலா-என்' அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். அந்த ஏழு நாளில் ஹார்மோன் நிற்பதால் வருகிற ரத்தம் உண்மையான மாதவிடாய் கிடையாது. மாத்திரை போடும்போது கர்ப்பப்பைச் சவ்வு மெல்லியதாகவே இருக்கும். அதனால் இரண்டு நாள் லேசாகப் பட்டு நிற்பது அந்த மாத்திரையின் இயல்பு. நடுவில் மறந்துபோய் விட்டிருந்தால் மட்டும் கார்டு டெஸ்ட் பாருங்கள்.

'அந்தரா' கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. தொடக்கத்தில் கண்ட கண்ட நாளில் படும், போகப்போகக் குறையும். ஓராண்டு ஆகும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிடாய் வருவதே நின்றுவிடும். ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 'சாயா' வேறு வகைக் கருத்தடை மாத்திரை, அதில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து அது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இதில் சிலருக்கு நாள் தள்ளிப்போகும், அளவும் குறையும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருவிகளில் ஹார்மோன் உள்ளது போக்கைக் குறைக்கும், காப்பர்-டி கூட்டும். இரண்டையும் 'லூப்' என்றே சொல்வதால் எது வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரக் கருத்தடை மாத்திரை போட்டால் அடுத்த மாதவிடாய் முன்னே பின்னே வரும், கூடவோ குறையவோ இருக்கும். மூன்று வாரத்தில் வரவில்லை என்றால் கார்டு டெஸ்ட். குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையில் கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். குறைந்ததற்கு அதைக் காரணம் சொல்லிவிட்டு வேறு காரணத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

வேறு நோய்க்காகச் சாப்பிடுகிற மருந்தையும் பாருங்கள். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு, மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்றவை, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும். அது கூடினால் கருமுட்டை வெளியாவது தடைபடும், மாதவிடாய் குறையும் அல்லது நிற்கும். மனநல மருந்தை இதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்து எழுதிய டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

உங்கள் வயது

வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் கூடுவதும் குறைவதும் தள்ளிப்போவதும் சகஜம். கருமுட்டை மாதா மாதம் வெளியாகப் பழகவே அவ்வளவு காலம் ஆகும். பெண்ணை நிம்மதியாக விடுங்கள். உடம்பு மெலிந்துகொண்டே போனாலோ, 15 வயதாகியும் வயதுக்கே வராமல் இருந்தாலோ மட்டும் காட்டுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது மாதவிடாய் நிற்கப் போவதன் தொடக்கமாக இருக்கலாம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அதற்குச் சில வருடம் முன்பே ஒரு மாதம் கொட்டும், அடுத்த மாதம் பட்டும் படாமலும் போகும். முழுதாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அப்படி நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் அதை "திரும்ப வந்திருக்கு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பலருக்கு அந்தச் சொட்டுதான். அளவு குறைவு, வலி இல்லை என்பதெல்லாம் காத்திருக்கக் காரணமாகாது. அந்த வாரமே காட்டுங்கள்.

நாற்பதுக்கு முன்பே குறைந்து, தள்ளித் தள்ளிப்போய், திடீர் திடீரென்று உடம்பில் வெப்பம் பரவி வேர்த்தால் சினைப்பை சீக்கிரமே ஓய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் விஷயம் மட்டுமல்ல, எலும்பின் பலமும் இதில் அடங்கியிருக்கிறது.

உடம்பு சொல்லும் மற்ற அடையாளங்கள்

மாதவிடாய் மட்டும் தனியாக மாறுவது குறைவு. கூடவே வேறு ஏதாவது மாறியிருக்கும், நாம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, உஷ்ணம் தாங்காமல் போவது ஆகியவை இருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். தைராய்டு அதிகமானால் மாதவிடாய் குறையும். சுரப்பு குறைந்தால் பெரும்பாலும் கூடும், சிலருக்குக் குறையவும் செய்யும். குழந்தைக்குப் பால் கொடுக்காத நேரத்திலும் மார்பில் பால் கசிந்தால் புரோலாக்டின் பார்க்க வேண்டும். அதோடு தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்குவதும் சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம். முகப்பரு, தாடையில் முடி, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்த தோல், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிடாய் என்றால் பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறாக இருக்கலாம்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிற பெண்கள், காவலர் தேர்வு உடல் தகுதிக்காகக் காலையும் மாலையும் ஓடுகிறவர்கள், பரீட்சைக்காக ஒரு வருடம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற சமிக்ஞையே குறைந்துவிடும். சாப்பாடு போதவில்லை, இப்போது கர்ப்பம் வேண்டாம் என்று உடம்பு எடுக்கிற முடிவு அது. முதலில் அளவு குறையும், பிறகு நாள் தள்ளும், கடைசியில் நின்றேவிடும். இதற்கு முதல் மருந்து சாப்பாடும் ஓய்வும்தான். அப்படியே விட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியும். பயிற்சியை விட வேண்டும் என்று சொல்லவில்லை, ஓடுகிற ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு வேண்டும்.

"ரத்தம் கம்மி, அதான் கம்மியாப் படுது" என்ற பேச்சையும் இங்கேயே பார்த்துவிடுவோம். ஹீமோகுளோபின் குறைந்தால் சோர்வு வரும், மூச்சு வாங்கும், அதற்கு மருந்து வேண்டும். ஆனால் மாதவிடாயின் அளவைத் தீர்மானிப்பது கர்ப்பப்பைச் சவ்வும் ஹார்மோனும்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு மாதவிடாய் கூடவில்லையே என்று நான் எட்டு மாதக் கடைசியில் ஏங்கியது வீண்.

கர்ப்பப்பைக்குள் ஏதாவது நடந்ததா?

என் கதை இங்கேதான் வருகிறது. கருக்கலைப்பு, கரு தங்காமல் போனது, பிரசவத்தில் நஞ்சுக்கொடி தங்கியது என்று எதற்காகவாவது கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருந்தால், அதாவது டி அண்ட் சி செய்திருந்தால், சிலருக்கு உட்சவ்வின் அடி அடுக்கு காயப்பட்டு, ஆறும்போது தழும்பு விழுந்து, சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1948இல் ஜோசப் ஆஷர்மன் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரையே வைத்தார்கள். ஹார்மோன் எல்லாம் சரியாக இருக்கும், கருமுட்டை வெளியாகும், வளர்வதற்குச் சவ்வுதான் இருக்காது. எனவே ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது, சாதாரண ஸ்கேனிலும் தப்பிவிடலாம். கேமராக் குழாயைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியில்தான் தெளிவாகத் தெரியும், ஒட்டியதை அப்போதே பிரித்தும் விடலாம். எனக்கு அப்படித்தான் பிரித்தார்கள். அதற்கு அடுத்த மூன்றாம் மாதம் மறுபடி நாலு நாள் வந்தது. 'சுத்தம் செய்த பிறகு குறைந்தது' என்ற ஒரு வரியை மட்டும் டாக்டரிடம் சொல்லத் தவறாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் நடந்த கருக்கலைப்பாக இருந்தால், உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகச் சொல்லலாம். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கர்ப்பப்பை வாயில் சிகிச்சை செய்தபின் வாய் சுருங்கினாலும் இப்படி ஆகும். மாதா மாதம் வலி மட்டும் வந்து ரத்தம் வராமல் இருப்பதுதான் இதன் அடையாளம்.

பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய் உயிர் பிழைத்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை அல்லது மிகக் குறைவு, ஓயாத அசதி, குளிர் தாங்கவில்லை என்றால், அந்த ரத்த இழப்பில் மூளையின் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். பல வருடம் கழித்துக்கூடக் கண்டுபிடிக்கிறார்கள். மாத்திரையில் நன்றாகச் சமாளிக்கலாம். சுகமான பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும் மாதங்களில் வராமல் இருப்பதோ குறைவாக வருவதோ இயல்புதான், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொரு காரணம் காசநோய். டிபி என்றால் இருமல் என்றுதான் நினைக்கிறோம். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாக அது கருக்குழாய்க்கும் கர்ப்பப்பைக்கும் போய் உட்காரும். இருமலே இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், மாதவிடாய் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். குழந்தை இல்லை என்று சிகிச்சைக்குப் போகும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. உங்களுக்கு முன்பு டிபி வந்திருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இருந்தாலோ சொல்லுங்கள். சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், பொதுவாக ஆறு மாதம். சீக்கிரம் கண்டுபிடித்தால் தழும்பு விழுவதைத் தடுக்கலாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்

"நாள் தள்ளிப்போச்சு, ஒரு மாத்திரை குடுங்க" என்றால் பல கடைகளில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நோரெத்திஸ்டெரோன் போன்ற அந்த மாத்திரையை ஐந்து நாள் போட்டு நிறுத்தினால் சில நாளில் ரத்தம் வரும். வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவோம், காரணம் அப்படியே உள்ளே இருக்கும். டாக்டர் பார்க்கும்போது உண்மையான வரிசையும் தெரியாமல் போய்விடும். எள்ளும் கருப்பட்டியும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கர்ப்பமா இல்லையா என்று தெரியாமல், வர வைப்பதற்காகக் கஷாயமும் பொடியும் குடிப்பது ஆபத்து.

டாக்டரிடம் போகும்போது

மூன்று மாதமாகக் குறைந்தே இருப்பது, கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் வராமலே இருப்பது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் படுவது ஆகியவை இருந்தால் போக வேண்டும். குழந்தைக்கு முயன்று ஒரு வருடம் ஆகியிருந்தாலும் போங்கள். 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம். இதைப் படித்துவிட்டுக் குறைவாகப் படுவதாலேயே குழந்தை தங்காது என்று நினைத்துவிடாதீர்கள். மாதா மாதம் ஒழுங்காக வருகிற குறைவான மாதவிடாயோடு பிள்ளை பெற்றவர்கள் ஏராளம்.

அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் டாக்டரோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை நாள், எந்த மாதத்திலிருந்து, அதற்கு முன் உடம்பில் என்ன நடந்தது, என்ன மருந்து, எத்தனை கர்ப்பம், எத்தனை பிரசவம். மூன்று மாதக் காலண்டரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப் பரிசோதனை, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., புரோலாக்டின், சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். இவைதான் வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள். கடைசி இரண்டையும் மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் எடுப்பது வழக்கம். உங்களுக்கு ஒரு நாள்தான் வருகிறது என்றாலும் தேதிக் கணக்கு அதேதான்; ரத்தம் நின்றுவிட்டது என்று அடுத்த மாதத்துக்குத் தள்ள வேண்டாம். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்குத் தண்ணீர் நிறையக் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டும். உள்வழியாக எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணம் ஆகாதவர்களுக்கு அந்த உள் ஸ்கேனைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டி வந்தாலும் உங்களைக் கேட்ட பிறகுதான். ஸ்கேன் எந்த நாளில் எடுத்தது என்பதை ரிப்போர்ட்டிலேயே குறித்து வாங்குங்கள். சவ்வின் தடிமன் மாதத்தின் நாளுக்கு நாள் மாறும் என்பதால், நாள் தெரியாத எண் பயன்படாது.

எல்லாம் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, உங்களுக்கு இதுதான் வழக்கம்" என்று டாக்டர் சொல்லலாம். பலருக்கு அப்படித்தான் முடியும். எழுந்து வருவதற்கு முன் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இனி எது மாறினால் நான் திரும்ப வர வேண்டும்?" அவர் சொல்கிற பதிலை அந்த மாதக் காலண்டரின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.